வளவு வீட்டுக் குழு: அப்பச்சியின் (தந்தையின்) டேப்லட்

சனிக்கிழமை

சீதை, காலை 6:42
மூன்று நாளாக அப்பச்சி குழுவில் ஒன்றும் எழுதவில்லையே என்று நேற்று இரவு கோட்டையூருக்குப் போனேன். உடம்பு நன்றாக இருக்கிறது. டேப்லட்தான் போய்விட்டது. முதுகுப்பக்கம் உப்பி, கண்ணாடி ஓரம் விட்டு எழும்பி நிற்கிறது.

சீதை, 6:43
முன்னோருக்குப் போடும் படைப்புக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். குடும்பவாரியாகப் பணம் வாங்கும் புள்ளிக் கணக்கு முழுவதும் அதற்குள் இருக்கிறது.

சீதை, 6:43
[படம்]

முத்து, 6:51
ஆத்தா, இப்போது சார்ஜரில் இருக்கிறதா?

சீதை, 6:52
ஆமாம். எப்படியாவது ஏறிவிடும் என்று இரவு முழுவதும் போட்டு வைத்திருக்கிறார்.

முத்து, 6:52
உடனே போன் செய்து கழற்றச் சொல்லுங்கள். அமுக்கி மூடப் பார்க்கக் கூடாது. மெத்தை, ஏடு, மரப்பெட்டி எதுவும் பக்கத்தில் வேண்டாம். முற்றத்துக் கல்தரையில் தனியாக வைக்கட்டும்.

சாத்தப்பன், 6:55
ஏன்?

முத்து, 6:58
பெரியம்மான், அதிலிருப்பது லித்தியம் பேட்டரி. மெல்லிய உறைக்குள் வைத்திருப்பார்கள். எந்நேரமும் முழுச் சார்ஜிலேயே கிடந்தால், அதுவும் நம் ஊர் வெயிலில், உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகும். உறை உப்பும். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். எங்கள் ஆய்வகத்தில் முதல் நாள் சொல்லித் தருவதே இதைத்தான்.

உமையாள், 7:01
ஐயா வயரைச் செருகியபடியேதான் படிப்பார். நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

சாத்தப்பன், 7:04
முத்து படிக்கும் மின்வேதியியல் நிலையத்துக்கு 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். அப்பச்சிக்கு அப்போது ஏழு வயது. யாருடைய தோளிலோ உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்வார்.

சீதை, 7:09
கழற்றிவிட்டார். முற்றத்தில் அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

லெட்சுமணன், 7:15
பன்னிரண்டு ஆண்டு உழைத்திருக்கிறது. 2013-இல் சிங்கப்பூரிலிருந்து நான் கொண்டுவந்தது.

சாத்தப்பன், 7:17
நன்றாகத்தான் உழைத்தது. மெமரி கார்டு போட இடமில்லை என்பதை அன்றைக்கே சொன்னேன். இருந்திருந்தால் இன்று கார்டை எடுத்து வேறொன்றில் போட்டுக் கணக்கைப் பார்த்திருக்கலாம்.

லெட்சுமணன், 7:18
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சீதை, 7:18
நான் படித்துவிட்டேன் தம்பி. இரண்டு பேரும் காலையிலேயே ஆரம்பிக்க வேண்டாம்.

சாத்தப்பன், 7:46
எல்லாரும் பொறுமையாகப் படிக்க வேண்டும். அப்பச்சிக்குப் புதியது வாங்கத்தான் வேண்டும். ஆனால் பெரியதாக வாங்கிவிடக் கூடாது. சென்ற பொங்கலுக்கு என் பத்தரை அங்குல டேப்லட்டைக் கொடுத்துப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் மடியில் இறக்கிவிட்டார். அரைக் கிலோவைச் சாய்வு நாற்காலியில் நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்க எண்பத்துநான்கு வயதில் கை தாங்காது. ஏழிலிருந்து எட்டேமுக்கால் அங்குலத்துக்குள் பார்ப்போம்.

இந்த அளவைப் பற்றி 2010-இலேயே பெரிய வாதம் நடந்தது. சாம்சங் அந்த ஆண்டுதான் ஏழங்குல கேலக்ஸி டேப்பைக் கொண்டுவந்தது. அந்த அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ், இவ்வளவு சிறிய திரையைத் தொட விரலை உப்புத்தாளில் தேய்த்து ஒல்லியாக்கிக்கொள்ள வேண்டும் என்று பேசினார். 2012-இல் அவருடைய நிறுவனமே 7.9 அங்குல ஐபேட் மினியை வெளியிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. அதே ஆண்டு கூகுளும் அசூஸும் சேர்ந்து நெக்சஸ் 7 கொண்டுவந்தன. அமெரிக்காவில் 199 டாலர். சிறியது எதற்கும் உதவாது என்ற பேச்சு அத்தோடு போயிற்று. பிறகு போன்களே ஆறரை அங்குலத்தைத் தாண்டிவிட்டன. சிறிய டேப்லட் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆகவே நம் வீட்டில் யாரிடம் என்ன இருக்கிறதோ அவரவர் நல்லதையும் குறையையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

தேனம்மை, 7:58
படித்துவிட்டேன்.

லெட்சுமணன், 7:59
சரி.

உமையாள், 8:10
என்னிடம் இருப்பது 2021-இல் வந்த ஐபேட் மினி, 8.3 அங்குலம். படம் வரைவது, படிப்பது எல்லாம் அதில்தான். 293 கிராம். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படிக்கிறேன்.

உமையாள், 8:14
ஐயாவுக்குப் பொருந்துவது அதன் வடிவம். மற்றவை ஒடுங்கி நீளமாக இருக்கின்றன, சினிமா பார்க்கத் தோதாக. இது புத்தகப் பக்கத்தின் வாகு. ஐயா படிப்பதெல்லாம் பழைய கிரவுன் அளவுப் புத்தகங்களின் ஸ்கேன். ஓரத்து வெள்ளையை நீக்கிவிட்டால் அச்சிட்ட பகுதி ஏறக்குறைய அதே அளவில் திரையில் விழுகிறது. பெரிதாக்கி, இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியதில்லை. இதற்காகவே நான் இதை வேறெதற்கும் மாற்ற மாட்டேன்.

சாத்தப்பன், 8:15
குறை?

உமையாள், 8:21
இருக்கிறது அப்பா. இயர்போன் துளை இல்லை. மெமரி கார்டு கிடையாது. வாட்ஸ்அப் ஐபேடுக்கு 2025 மே மாதத்தில்தான் வந்தது. என்னுடையது போனுடன் இணைத்துத்தான் ஓடுகிறது. நெட்டாகப் பிடித்து உருட்டும்போது திரையின் ஒரு பாதி மறு பாதிக்கு இம்மியளவு பின்தங்கும். வந்த புதிதில் பலர் இதை எழுதினார்கள். எல்சிடி திரைக்கு அது இயல்பு என்று நிறுவனம் சொல்லிவிட்டது. எனக்கு ஒரு வாரத்தில் கண் பழகிவிட்டது.

லெட்சுமணன், 8:22
விலையைச் சொல் அம்மா.

உமையாள், 8:24
2024-இல் வந்த புதிய மினி, 128 ஜிபி, அறிமுக விலை 49,900 ரூபாய். மொபைல் இணைப்பு உள்ளது 64,900. அதிலும் சிம் அட்டை செருக இடமில்லை, ஈசிம் மட்டும்.

சீதை, 8:25
விலை தெரிந்தால் அப்பச்சி கையால் தொட மாட்டார்.

தேனம்மை, 8:40
எங்கள் வீட்டில் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9. 8.7 அங்குலம், ஏறத்தாழ 330 கிராம். சமையலறையில் நிறுத்தி வைத்துக்கொள்வேன். மெமரி கார்டு போடலாம், இயர்போன் துளை இருக்கிறது, சிம் போடும் மாதிரியும் உண்டு. இந்தியாவில் 2023 அக்டோபரில் வைஃபை மாதிரி 12,999 ரூபாய்க்கு வந்தது. கீழே விழுந்தாலும் மனம் பதறாது.

தேனம்மை, 8:41
படைப்புக்குப் பணியாரம் யார் பொறுப்பு? மனகோலம் நான் கொண்டுவருகிறேன் என்று சென்ற முறையே சொன்னேன்.

சீதை, 8:43
பணியாரம் இங்கேயே சுடுவோம். ஆனால் பெரிய உருளி தம்பி அறைக்குள் இருக்கிறது. சாவி?

உமையாள், 8:44
சின்னாத்தா, திரை எப்படி? அங்குலத்துக்கு 179 புள்ளிதான் வருகிறது. மினியில் 326.

தேனம்மை, 8:47
சீரியலுக்குப் போதும். படிக்கும்போது தெரிந்துவிடும். மாமா அனுப்பிய திருவாசகப் பிடிஎஃப்பில் ‘க’வா ‘க்’கா என்று மேலே புள்ளியைத் தேடினேன்.

லெட்சுமணன், 8:48
எழுத்தைப் பெரிதாக்கினால் தீர்ந்தது.

உமையாள், 8:53
மின்னூலுக்கு அது சரி சித்தப்பா. இணையத்தில் கிடைக்கும் மதுரைத் திட்டத்து நூல்களில் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம், வரி தானாக மடங்கிக்கொள்ளும். ஸ்கேன் செய்த பக்கம் அப்படி இல்லை. பக்கம் முழுவதும் படமாக இருக்கிறது. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ள வேண்டும். ஐயா ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் படிக்கிறார்.

சாத்தப்பன், 9:05
கிண்டிலையும் யோசித்தேன். 2016 டிசம்பரிலேயே தமிழ் வந்துவிட்டது. முற்றத்து வெயிலிலும் காகிதம் போலத் தெரியும், கண் கூசாது. ஆனால் ஸ்கேன் பக்கங்களில் தடுமாறும். நம் குழுவும் அதில் வராது, பேரப்பிள்ளைகளின் முகமும் வராது. விட்டுவிடுவோம்.

சீதை, 9:12
எல்லாரும் இணையம் இருப்பதாகவே பேசுகிறீர்கள். வைஃபை பெட்டி முகப்பில் இருக்கிறது. வளவு தாண்டி வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், அப்பச்சி படுக்கும் இடத்தில், ஒரு கோடுகூடக் காட்டுவதில்லை. அந்தச் சுவர்களின் கனம் உங்களுக்கே தெரியும். சிம் போடுவதுதான் வேண்டும்.

முத்து, 9:14
இன்னொரு பெட்டியைப் பட்டாலையில் வைத்தால் கிடைக்கும் ஆத்தா.

சீதை, 9:15
சுவரில் துளை போட அப்பச்சி விடுவாரா? ஆணி அடிக்கவே விடுவதில்லை.

லெட்சுமணன், 9:20
அப்படியானால் ஏ9. இன்றே ஆர்டர் போடுகிறேன்.

உமையாள், 9:20
வேண்டாம் சித்தப்பா. ஐயா கண்ணால் பார்க்கட்டும். அடுத்த வெள்ளி பல்லவன் ரயிலில் வருகிறேன். என் மினியை இரண்டு நாள் அவரிடமே விட்டு வைக்கிறேன்.

சாத்தப்பன், 9:22
நல்ல யோசனை. செலவை மூன்று பங்காகப் போட்டுக்கொள்ளலாம்.

லெட்சுமணன், 9:23
உருளியையும் மூன்று பங்காக்கியிருந்தால் சாவிப் பேச்சே வந்திருக்காது.

சீதை, 9:23
தம்பி.

மாலை

சீதை, 5:37
சீதையின் போனிலிருந்து அப்பச்சி எழுதுகிறேன். எல்லாவற்றையும் படித்தேன். பன்னிரண்டு ஆண்டு வைத்திருந்தவன் என்ற முறையில் நானும் சொல்கிறேன்.

அது பஞ்சாங்கம் போல ஒரு கைக்குள் நின்றது. வளவைச் சுற்றி நடந்துகொண்டே படித்தேன். கண்புரை முற்றி, அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருந்த எட்டு மாதமும் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒரு நாளும் வாசிப்பை விடவில்லை. நம் ஊர் ரோஜா முத்தையா வீடு நிறையச் சேர்த்த புத்தகங்கள் சென்னைக்குப் போய் 1994-இல் நூலகமாகத் திறந்தன. நல்ல காரியம். ஆனால் இனி என்னால் சென்னைக்குப் போய் உட்கார்ந்து படிக்க முடியாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்து நூலகத்திலிருந்து உமையாள் இறக்கித் தந்தவற்றை இந்த நாற்காலியில் சாய்ந்தபடி படித்தேன். லெட்சுமணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டி படுக்கையோடு முகப்பில் வந்து நின்றது நினைவிருக்கிறது.

குறையும் உண்டு. முற்றத்தில் உட்கார்ந்தால் எழுத்து மறைந்து என் முகம்தான் தெரியும். மார்கழியில் விரல் காய்ந்துவிட்டால் தொட்டாலும் கேட்காது. ஈரத் துணியில் விரலை ஒற்றிக்கொள்வேன். தூங்கிப்போனால் மூக்கின் மேல் விழும். அதனால்தான் பெரியது வேண்டாம் என்கிறேன். விசைகள் நெருக்கமாக இருப்பதால் ‘ண’வைத் தொட்டால் ‘ன’ விழுகிறது. பேசியே எழுதப் பழகினேன். அது இளையாற்றங்குடியை மூன்று முறை சொன்னால்தான் கேட்கும்.

சீதை, 5:44
இன்னும் அப்பச்சிதான். புள்ளி நாற்பத்தொன்று, அரைப்புள்ளி மூன்று. அது மனத்தில் இருக்கிறது. யார் யார் பணம் கட்டினார்கள் என்பதுதான் அதற்குள் இருக்கிறது. லெட்சுமணன் கட்டிவிட்டான். சாத்தப்பன் இரண்டு தவணை என்றான், இரண்டாவது வந்ததா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சாத்தப்பன், 5:46
அனுப்பிவிட்டேன் அப்பச்சி. சீட்டைத் தேடுகிறேன்.

லெட்சுமணன், 5:47
அப்பச்சி, நீங்கள் எதைச் சொன்னாலும் வாங்கித் தருகிறேன்.

சீதை, 5:51
பழையதிலேயே பேட்டரி மாற்ற முடியுமா என்று முத்து கேட்கட்டும். முடியாவிட்டால் உமையாள் கொண்டுவருவதைப் பார்க்கிறேன். தேனம்மையும் படைப்புக்கு வரும்போது தன்னுடையதைக் கொண்டுவரட்டும். இரண்டிலும் ஒரே பக்கத்தைப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். விலையை என்னிடம் சொல்ல வேண்டாம்.

முத்து, 6:05
காரைக்குடிக் கடையில் கேட்டேன் ஐயா. அந்த மாதிரிக்குப் பேட்டரி கிடைப்பது அரிது. உப்பியதை எடுத்துவிட்டு வேறொன்றைத் தற்காலிகமாக இணைத்தால் கணக்கை மட்டும் வெளியே எடுக்க வாய்ப்பு இருக்கிறதாம். உறுதி சொல்லவில்லை.

சாத்தப்பன், 6:06
திங்கட்கிழமையே கொண்டுபோய்விடு.

முத்து, 6:08
திங்கள் விடுமுறையாம். செவ்வாய் காலை. அதுவரை முற்றத்திலேயே இருக்கட்டும்.

சீதை, 6:20
சீதைதான். இங்கே தூறல் விழுகிறது. உள்ளே எங்கே வைப்பது?

முத்து, 6:20
வீட்டுக்குள் வேண்டாம். முகப்புத் திண்ணையில், ஆற்றுமணல் நிரப்பிய பெரிய மண்சட்டியில்.

சீதை, 6:22
மண்சட்டியெல்லாம் உருளியோடு தம்பி அறைக்குள் இருக்கிறது.

தேனம்மை, 6:25
சாவி தேவகோட்டையில் எங்கள் அம்மாவிடம் இருக்கும். கேட்டுச் சொல்கிறேன்.