பத்தே நிமிடத்தில் சதுரங்க ஆய்வு நிரல் (எஞ்சின்) ஸ்டாக்ஃபிஷ் திணறுகிறது

பட்டர்வொர்த் சிப்பாய்:
8 ஜிபி ரேம், 4 கோர் லேப்டாப். ஹாஷ் (எஞ்சின் தன் கணக்குகளை வைக்கும் ரேம்) 6144, த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் தேடல் இழைகள்) 8, மல்டிபிவி (ஒரே நேரத்தில் காட்டும் சிறந்த வரிசைகள்) 5. கொஞ்ச நேரத்தில் மவுஸ்கூட நகர மறுக்கிறது. ரேம் கூட்டணுமா?

செந்தூல் குதிரை:
வேண்டாம்ணே. ஹாஷ் எம்பி கணக்கு. 6144 என்றால் 6 ஜிபி. விண்டோஸும் பிரவுசரும் மிச்சத்தில் அடங்காமல் டிஸ்க்குக்கு வழியும், அங்கேதான் எல்லாம் உறைகிறது. 2048 வையுங்கள். இரண்டு எஞ்சின் ஓட்டினால் ஒவ்வொன்றும் தனி ஹாஷ் எடுக்கும், தலா 1024 போதும். த்ரெட் 3.

ஜெலுத்தோங் யானை:
மல்டிபிவி 5 தேடலின் ஆழத்தைத் தின்னும், 2 தாராளம். முதல் நிமிடம் ஓடிய நொடிக்கணக்கு நோடு (நொடிக்கு அலசும் நிலைகள்) பிறகு சரிந்து, டிஸ்க்கும் சும்மா இருந்தால் அது சூடு. நம்மூர் வெக்கைக்கு மெத்தைமேல் வைக்கவே கூடாது. சிசிஜி (கொஞ்சம் காய்களே மிஞ்சிய நிலைகளுக்கான விடைக் கோப்புகள்) வைத்திருந்தால் எஸ்எஸ்டியில் போடுங்கள்: ஐந்து காய்வரை சுமார் 1 ஜிபி, ஆறு காய் சேர்ந்தால் 150 ஜிபியை ஒட்டும்.

பட்டர்வொர்த் சிப்பாய்:
பழைய சிப்புக்கு ஸ்டாக்ஃபிஷின் ஏவிஎக்ஸ்2 (சிப்பின் வேகக் கட்டளைத் தொகுப்பு) பதிப்பு ஓடுமா?

செந்தூல் குதிரை:
சிப்பில் அந்த வசதி இல்லையென்றால் திறந்ததும் மூடிக்கொள்ளும். பழைய சிப்புகளுக்கான பாப்கவுண்ட் பதிப்பை எடுங்கள்.