அம்மா பாயில்தான் படுக்கிறார், வீட்டில் கட்டுவிரியன் நடமாட்டம். நாகாத்தம்மனை நம்புகிறவர் கொசுவலை கட்டக் கூடாதா?

வரப்போரம்:
தஞ்சைப் பக்கம், வயலை ஒட்டிய ஓட்டு வீடு. ஐப்பசி மழைக்கு உள்ளே கட்டுவிரியன் வந்தது. கட்டில் வாங்கலாம் என்றால், "வெள்ளி தவறாம புத்துக்குப் பால் ஊத்துறேன், கட்டில்ல ஏறிப் படுத்தா அவள நம்பாத மாதிரி ஆயிடும்" என்கிறார் அம்மா. சாமியைக் குறை சொல்லாமல் எப்படிப் பேசுவது? வீட்டில் என்ன செய்யணும்?

திண்ணை:
அம்மாவோட வாதாடாதீங்க, கொசுவலையிலிருந்து ஆரம்பிங்க. கொசுவுக்குன்னு சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க. தொங்கவிட்டா மட்டும் பத்தாது, நாலு பக்கமும் பாய்க்கு அடியில மடிச்சுச் செருகணும். கட்டுவிரியன் ராத்திரியில இரை தேடுற பாம்பு. தரையில படுத்திருக்கிறவங்க புரண்டு அழுத்தும்போதுதான் கடிக்குது. வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமப் போகலாம். விடியக்காலையில வயித்துவலி, வாந்தி, அப்புறம் இமை சரியும், பேச்சு குழறும், எச்சில் முழுங்க முடியாது. வாயுத்தொல்லைன்னு ஓமத்தண்ணி குடுத்து உக்கார வைக்கிறதுலதான் உயிர் போகுது.

வீட்டுல எலியை ஒழிங்க. நெல் மூட்டை இருக்கிற இடத்துக்கு எலி வரும், எலி பின்னாடியே பாம்பு வரும். விறகு, செங்கல், தேங்காய் மட்டை எதையும் சுவரை ஒட்டி அடுக்காதீங்க. கதவுக்கு அடியில ரப்பர் பட்டை, சாக்கடைத் துவாரத்துக்குக் கம்பிவலை. வாசல்ல ஆகாசகருடன் கிழங்கு தொங்கட்டும், சிறியாநங்கை வளரட்டும். ஆனா பாம்பு அண்டாதுன்னு அதை நம்பி கதவு இடுக்கைத் திறந்து விடாதீங்க.

ஓதுவார்மகன்:
அம்மாவிடம் திங்களூரை நினைவுபடுத்துங்கள். வாழைக்குருத்து அரியப்போன அப்பூதி அடிகளின் மகனைப் பாம்பு தீண்டியதும், அப்பர் பதிகம் பாடி எழுப்பியதும் அவருக்குத் தெரிந்திருக்கும். திருமருகலில் சம்பந்தர் செய்ததும் அதுவே. இரண்டு பேருமே விஷம் தீர வேண்டிப் பாடினார்கள், பாம்புப் பக்கத்தில் போய்ப் படுக்கச் சொல்லவில்லை. மஞ்சள் துணியில் காசு முடிவதும் பதிகம் சொல்வதும் ஆம்புலன்ஸில் போகும்போதே செய்யலாம். மந்திரித்துப் பிழைத்தவர் கதை ஊருக்கு ஊர் உண்டு. கடிப்பவற்றில் பல விஷமில்லாதவை, விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தை உடலில் செலுத்தாமல் கடிக்கும். அந்தப் பெயரெல்லாம் மந்திரிப்பவருக்குப் போய்விடுகிறது.

நர்ஸ்அக்கா:
கடிச்சா, அல்லது கடிச்சிருக்கோன்னு சந்தேகம் வந்தாலே, 108. மோதிரம், வளையல், மெட்டியைக் கழட்டிடணும். கையோ காலோ, குச்சி வெச்சு ஆடாமக் கட்டி, படுக்க வெச்சு தூக்கிட்டுப் போகணும், நடக்க விடாதீங்க. இறுக்கிக் கயிறு கட்டுறது, கீறுறது, உறிஞ்சுறது எதுவும் வேண்டாம். கயிறு கட்டினா ரத்த ஓட்டம் நின்னு அந்த இடமே அழுகலாம். பாம்பைப் பிடிச்சுட்டு வரவும் வேண்டாம், கடிச்ச நேரத்தைச் சொன்னாப் போதும்.

விஷமுறிவு ஊசியும் வென்டிலேட்டரும் இருக்கிற அரசு ஆஸ்பத்திரி எதுன்னு இன்னைக்கே விசாரிச்சு வெச்சுக்கோங்க தம்பி. பெரியவங்க, குழந்தை யாரானாலும் முதல் டோஸ் வழக்கமா 8 முதல் 10 குப்பி. விஷம்தான் கணக்கு, எடை இல்ல. ஒவ்வாமை வரலாம், அதுக்குப் போடுற அட்ரினலின் மருந்து பக்கத்துலயே இருக்கணும், அதனால வீட்டுல போட முடியாது. கட்டுவிரியன் விஷத்துல நரம்பு செயலிழந்த பிறகு ஊசியால அதை உடனே திருப்ப முடியாது. மூச்சைத் தாங்க வென்டிலேட்டர்தான். அதான் இமை சரியிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

அம்மாவுக்கு இன்னொண்ணும் சொல்லலாம். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978லிருந்து இருக்கு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலோட விஷத்தையும் எடுத்துட்டு பாம்பைத் திரும்பக் காட்டுல விட்டுடுறாங்க. அந்த விஷத்தைக் கொஞ்சங்கொஞ்சமா குதிரைக்கு ஏத்தி, அதோட ரத்தத்துலேர்ந்து மருந்து வருது. நாகம் குடுத்ததுதானே அந்த ஊசி!

வரப்போரம்:
கடைசியா சொன்னதுக்கு அம்மா மறுபேச்சு பேசல அக்கா. வலைக்கும் சரின்னுட்டாங்க. ராத்திரி ரெண்டு தடவை எழுந்து கொல்லைக்குப் போவாங்களே, அதுக்கு?

திண்ணை:
டார்ச் வலைக்கு உள்ளேயே தலைமாட்டுல இருக்கணும். வலையைத் தூக்கறதுக்கு முன்னாடி தரையில அடிச்சுப் பாக்கணும். செருப்பைத் தட்டிட்டுப் போடணும், கையில தடி வெச்சு மண்ணைத் தட்டிக்கிட்டே நடக்கணும், அதிர்வு தெரிஞ்சா பெரும்பாலும் பாம்பு விலகும். திரும்பி வந்து படுக்கும்போது வலையை மறுபடி செருகணும். அதைத்தான் எல்லாரும் தூக்கக் கலக்கத்துல மறந்துடுறாங்க.