ஒரே ‘கோடு’ இரண்டு சொல்லாக எண்ணப்படுகிறது: போஸ்ட்கிரெஸ் உரை அமைப்பில் உதவி தேவை

கேள்வி (திருப்பூர்):
வணக்கம். எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பெண்கள் கைப்பேசியில் எழுதி அனுப்பும் குறிப்புகளைப் போஸ்ட்கிரெஸ் 14 தரவுத்தளத்தில் சேமித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு என்று குறைகளைத் தானே வகை பிரிக்கும் ஒரு மாடலைப் பயிற்றுவித்து வருகிறேன். குறிப்புகளை டிஎஸ்வெக்டராக (தேடுவதற்கேற்ற சொற்பட்டியலாக) மாற்றிச் சொற்களை எண்ணினால், ‘கோடு’ இரண்டு வரிகளில் தனித்தனி எண்ணிக்கையோடு வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘கறை’, ‘கறைகள்’ என்பவையும் ஒன்று சேரவில்லை. சொற்களை எப்படிச் சுருக்குவது என்று சொல்லும் உரை அமைப்பு ‘சிம்பிள்’ என்று உள்ளது.

பதில் (பெருந்துறை):
இவை இரண்டு வேறு சிக்கல்கள். இரண்டு ‘கோடு’களின் எழுத்து நீளத்தை, அதாவது கணினி எண்ணும் குறியீடுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒன்று 4, மற்றது 5 என்று வந்தால், ஒரு விசைப்பலகை ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும், இன்னொன்று இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று பிரித்தும் அனுப்புகிறது என்று பொருள். 13ஆம் பதிப்பு முதல் உள்ள ‘நார்மலைஸ்’ செயற்கூற்றால் உரையை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே டிஎஸ்வெக்டர் ஆக்குங்கள். தரவுத்தளம் யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் இருந்தால்தான் அது இயங்கும். அடுத்தது, ‘சிம்பிள்’ எந்த விகுதியையும் வெட்டாது. 12ஆம் பதிப்பிலேயே சேர்க்கப்பட்ட ‘தமிழ்’ அமைப்பு ‘கள்’ போன்றவற்றை வெட்டும். ஆனால் அது இலக்கணம் அறிந்து வெட்டுவதன்று, வடிவத்தைப் பார்த்து வெட்டுவது. ஆகவே முடிவுகளைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘இந்த’, ‘உள்ளது’ போன்றவற்றை நீக்கும் பட்டியலும் அதில் இல்லை, நீங்களே எழுத வேண்டும்.

கேட்டவர்:
நன்றிங்க. நீளம் 4, 5 என்றுதான் வந்தது, இப்போது ஒன்றாகிவிட்டது. ‘கோட்டில்’ மட்டும் சேரவில்லை. மேலும், என் மடிக்கணினியில் சரியாக வகை பிரிக்கும் மாடல், கம்பெனி சர்வரில் தடுமாறுகிறது.

பதில் (பெருந்துறை):
‘கோட்டில்’ போன்று அடிச்சொல்லே மாறும் இடங்களுக்கு ஓர் இணைச்சொல் அகராதிக் கோப்பு எழுதி, ‘தமிழ்’ அமைப்பில் விகுதியை வெட்டும் பகுதிக்கு (வெட்டிக்கு) முன்னால் வையுங்கள். அதிலிருந்து வரும் சொல் மறுபடி வெட்டப்படாது. எனவே ‘கோடு’ என்பதற்கு வெட்டி தரும் வடிவத்தையே வலப்பக்கத்தில் எழுதுங்கள். சர்வரில் நடப்பது வேறு: டிஎஸ்வெக்டர் செயற்கூற்றை அமைப்பின் பெயர் தராமல் அழைத்தால், அந்தந்தத் தரவுத்தள இணைப்பின் இயல்பு உரை அமைப்பை அது எடுத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
சர்வரின் இயல்பு அமைப்பு ஆங்கிலமாக இருந்தது. அதனால் தமிழ்ச் சொற்கள் அங்கே வெட்டப்படாமல் வந்திருக்கின்றன. இரு இடத்திலும் அமைப்பின் பெயரை வெளிப்படையாக எழுதிவிட்டேன். ஏற்கெனவே சேமித்த டிஎஸ்வெக்டர்கள்?

பதில் (பெருந்துறை):
அவை தானாக மாறமாட்டா. எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்ட பிறகு மாடலைப் பயிற்றுவியுங்கள்.