திருப்பூர் ஜாப் ஒர்க் மென்பொருள்: 25 லட்சத்துக்கு 20 சதவீதப் பங்கு கொடுக்கலாமா?

கேள்வி – கிலோக்கணக்கு

வணக்கம். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களுக்கான ஜாப் ஒர்க் (வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்யும் வேலை) கணக்கு மென்பொருள் ஒன்றை இரண்டு ஆண்டுகளாகத் தனியாளாக எழுதி விற்று வருகிறேன். டிசி (சரக்குடன் அனுப்பும் டெலிவரி சலான்) போட்டுச் சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணி, காம்பாக்டிங் (பின்னர் சுருங்காதபடி துணியை அழுத்திப் பதப்படுத்துவது) முடிந்து திரும்பும்போது எத்தனை கிலோ குறைந்தது, அந்தக் குறைவு பேசிய சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று காட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. மற்றவற்றை டேலி என்ற கணக்கு மென்பொருள் பார்த்துக்கொள்வதால் நான் தொடவில்லை.

23 நிறுவனங்கள் மாதம் 1,500 ரூபாய் வீதம் தருகின்றன. அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவதிலேயே மாதத்தில் பாதி நாள் போய்விடுகிறது; உதவிக்கு ஒருவரை வைத்தால் அவருடைய சம்பளம் போக எனக்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. இந்த நிலையில், என் வாடிக்கையாளர்களுள் ஒருவரான ஏற்றுமதியாளர் 25 லட்சம் தருவதாகவும், அதற்கு 20 சதவீதப் பங்கு வேண்டும் என்றும் சொல்கிறார். ஏற்கலாமா?

பதில் 1 – பழைய புரோகிராமர்

முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் ஆண்டு வரவு 4,14,000 ரூபாய். 25 லட்சத்துக்கு 20 சதவீதம் என்றால் தொழிலின் மதிப்பு 1.25 கோடி, அதாவது வரவைப் போல் முப்பது மடங்கு. கிலோவுக்கு ஒரு ரூபாய் கூலியைக் குறைக்க அரைமணி நேரம் பேரம் பேசும் ஊரில் இவ்வளவு தாராளம் எதற்கு என்று நான் யோசிப்பேன்.

அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மற்ற 22 பேரும் எந்தப் பட்டறைக்கு என்ன கூலி கொடுக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு ஆர்டர் ஓடுகிறது என்பதெல்லாம் உங்கள் சர்வரில் இருக்கின்றன. அவர் ஒருநாளும் எட்டிப் பார்க்காவிட்டாலும், அவர் பங்குதாரர் என்ற செய்தி ஒரு வாரத்தில் பரவிவிடும். அதன்பின் எத்தனை பேர் உங்களிடம் உண்மையான ரேட்டைப் பதிவு செய்வார்கள்?

பணம் வேண்டுமானால் வாடிக்கையாளரிடமே கேளுங்கள். ஆண்டுத் தொகையை மொத்தமாகத் தந்தால் 15,000 ரூபாய் போதும் என்று சொல்லி, 15 பேர் ஒப்புக்கொண்டால் 2,25,000 ரூபாய் முன்கூட்டியே கைக்கு வரும், வசூல் அலைச்சலும் குறையும். ஆனால் அது இன்னும் செய்யாத வேலைக்கான பணம் என்பதால், மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டுமே செலவுக்கு எடுக்க வேண்டும். நான் இதைச் செய்யாமல், ஏப்ரலில் வந்த முன்பணத்தை ஜூலைக்குள் செலவழித்துவிட்டு, மார்ச் வரை கைமாற்றில் ஓட்டியிருக்கிறேன்.

பதில் 2 – ஈரோட்டுத் தணிக்கையாளர்

நீங்கள் தனியுரிமையாளராக இருந்தால் கொடுப்பதற்குப் பங்கு என்று ஒன்றே கிடையாது. அதற்கு முதலில் பிரைவேட் லிமிடெட் தொடங்க வேண்டும். மதிப்பை இப்போதே முடிவுசெய்ய விருப்பமில்லை என்றால், டிபிஐஐடி (மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறை) அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் நிறுவனம் ஒருவரிடம் ஒரே தவணையில் 25 லட்சத்துக்குக் குறையாமல் கன்வெர்ட்டிபிள் நோட்டாக (பின்னர் பங்காக மாற்றக்கூடிய கடனாக) வாங்க வழியிருக்கிறது.

அதைவிட அவசரமானது உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, சிறுநிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையை எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தாலும் 45 நாளுக்கு மிகாமலும் கொடுத்தாக வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து, அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும் என்பதால், உத்யம் எண் அச்சிட்ட உங்கள் பில்லை வாடிக்கையாளர்களுடைய ஆடிட்டரே தேடியெடுத்துப் பணத்தைக் கொடுக்கச் சொல்வார்.

பதில் 3 – கோடம்பாக்கம்

வெளிப்பணமே கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஜோஹோ, வெளி முதலீடு வாங்காமல் தன் வருமானத்திலேயே வளர்ந்தது. 2010இல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் அடுத்த ஆண்டே முதலீடு வாங்கி, 2021இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. ஆனால் ஃப்ரெஷ்டெஸ்க்குக்கு உலகமே சந்தை. உங்கள் சந்தை திருப்பூர், மிஞ்சினால் பின்னலாடைத் தொழில் உள்ள லூதியானாவும் கொல்கத்தாவும். அங்கே இந்தியில் ஆதரவு தர ஆள் வைத்து விற்கப் போகிறீர்கள் என்றால் முதலீடு வாங்குவதில் பொருள் உண்டு, அதையும் போட்டித் தொழிலில் இல்லாதவரிடம் வாங்குங்கள். உள்ளூரில் வசூல் சரியில்லை என்பதற்காக ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்காதீர்கள்.

கிலோக்கணக்கு

மூவருக்கும் நன்றி. ரேட் விவரம் எனக்குத் தோன்றவே இல்லை. ஏற்றுமதியாளரிடம் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் நெடுநாளாகக் கேட்டுவந்த எலக்ட்ரானிக் தராசு இணைப்பைச் செய்து தர முன்பணம் கேட்டேன்; சற்று முகம் சுளித்தாலும் 40,000 ரூபாய்க்கு காசோலை கொடுத்தார். ஆண்டுத் தொகையை இதுவரை மூவரிடம் கேட்டதில் இருவர் ஒப்புக்கொண்டனர். மூன்றாமவர் தீபாவளி போனஸ் கொடுத்து முடியட்டும் என்கிறார்.