ஸ்பாட் சேனலைப் பெயரால் பிடிப்பதா, எண்ணால் பிடிப்பதா?

பத்துமலை_பிரிண்ட்:
தைப்பூச ஸ்டிக்கர் ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டன. கண்ணாடி ஸ்டிக்கர் என்றால் நிறத்துக்கு அடியில் வெள்ளை மை போக வேண்டும், அதற்கு போட்டோஷாப் ஃபைலில் தனி ஸ்பாட் சேனல், அதாவது அந்த மை எங்கே விழ வேண்டும் என்று காட்டும் கூடுதல் சேனல், வைப்பார்கள். எங்கள் ஸ்கிரிப்ட் அதைப் பெயரை வைத்துத் தேடுகிறது. ஒருவர் ஒயிட் என்கிறார், ஒருவர் மலாயில் பூத்தே என்கிறார், இன்னொருவர் பெயரே மாற்றாமல் 'ஸ்பாட் கலர் 1' என்று அனுப்புகிறார். பெயர் பொருந்தாவிட்டால் ஸ்கிரிப்ட் எர்ரர் காட்டி நின்றுவிடுகிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
பெயரை விடுங்கள் அண்ணே. சிஎம்ஒய்கே ஃபைலில் முதல் நான்கு சேனலும் வழக்கமான நான்கு அச்சு மைகள். எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் 4 என்று கேட்டால் வெள்ளை வந்துவிடும். ஒரே வரி.

ஜார்ஜ்டவுன்_பிரஸ்:
அந்த ஒரே வரிதான் ஆபத்து. ஆர்ஜிபி ஃபைலில் நிறச் சேனல்கள் மூன்றுதான், அதனால் முதல் கூடுதல் சேனலின் எண் 3, சிஎம்ஒய்கேயில் அதே 3 கறுப்பு. ஆர்ஜிபிக்கு எழுதிய 'கூடுதல் சேனலை அழி' ஸ்கிரிப்டை சிஎம்ஒய்கே ஃபைலில் ஓட்டினால் கறுப்பு போய்விடும், ஃபைல் மல்டிசேனலாக மாறிவிடும், மல்டிசேனலில் லேயரே கிடையாது என்பதால் எல்லா லேயரும் ஒன்றாகிவிடும். சரி, சிஎம்ஒய்கே மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். டிசைனர், படத்தில் முருகன் கையில் இருக்கும் வேல் வடிவத்தை மட்டும் செலக்ட் செய்து சேமித்திருந்தால் அந்த ஆல்ஃபா சேனல் 4-இல் வந்து உட்கார்ந்துவிடும், அப்புறம் வேலுக்கு அடியில் மட்டும்தான் வெள்ளை அடிக்கும். ஒவ்வொரு சேனலுக்கும் 'கைண்ட்' என்று ஒரு பண்பு இருக்கிறது, அது ஸ்பாட் கலரா என்று பார்த்து எடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
நாங்கள் டெம்ப்ளேட் கொடுக்கிறோம். அதில் செய்து அனுப்பினால்தான் ஆர்டர் எடுப்போம். அதற்கு எண்ணே போதும்.

ஜார்ஜ்டவுன்_பிரஸ்:
கூடுதல் சேனல்களைப் பேனலில் மேலும் கீழும் இழுக்கலாம் தம்பி. டெம்ப்ளேட் அதைத் தடுக்காது.

பட்டர்வொர்த்_ரிப்:
கைண்டும் பாதி வழிதான். வெள்ளையும் பளபளப்புப் பூச்சும் (கிளாஸ்) சேர்ந்து வந்தால் இரண்டுமே ஸ்பாட் கலர், எது எது என்று அதுவும் சொல்லாது. தவிர, ரிப், அதாவது ஃபைலைப் பிரிண்டருக்கு ஏற்ப மாற்றித் தரும் மென்பொருள், வெள்ளையைப் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. ரோலாண்ட் பிரிண்டர்களின் ரிப்பான வெர்சாவொர்க்ஸுக்கு ஆர்டிஜி_ஒயிட் என்ற பெயர் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். அதனால் கைண்டை வைத்துத் தேடுங்கள், ஒரே ஒரு ஸ்பாட் சேனல் இருந்தால் ஸ்கிரிப்டே அந்தப் பெயரை வைத்துவிடட்டும். இரண்டு இருந்தால் நிறுத்திக் கேட்கட்டும்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
ராத்திரி முழுக்க ஃபைல் ஓடும்போது கேட்டால் பதில் சொல்ல யார் உட்கார்ந்திருப்பது? இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பட்டர்வொர்த்_ரிப்:
சரி, கேட்க வேண்டாம். சந்தேகமான ஃபைலைத் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். காலையில் வருபவர் அதைத் திறந்து பார்த்துப் பெயர் வைக்கட்டும்.