பதில்: பொடி கிட், பெரிய சில்லு – தமிழில் எப்படி எழுதலாம்?

[கிளிநொச்சியிலிருந்து]

> பொடி கிட் = உடற்கருவித் தொகுதி
> பெரிய சில்லு போடுதல் = சக்கர விரிவாக்கம்
> இப்படியே விட்டுவிடட்டுமா? மாணவர் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும்.

தம்பி, அவசரப்பட வேண்டாம். காரின் வெளிப்புறத்தில் பூட்டுகிற துண்டுகளைத்தானே பொடி கிட் என்கிறோம். உடற்கருவித் தொகுதி என்று அடித்தால் பரந்தன் சந்தியில் இருக்கிற எந்தக் கராஜ்காரரும் அது உடற்பயிற்சிக்கு வாங்குகிற சாமான் என்றுதான் நினைப்பார். ஆங்கிலத்தில் இருக்கிற சொல்லைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒவ்வொரு துண்டுக்கும் தமிழ் போட்டு ஒட்டினால் இப்படித்தான் வரும். சாமான் வண்டியில் எங்கே நிற்கிறது, என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பேர் வைப்போம்.

இலங்கைக்கு வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் புதுக் காருக்கு வழியில்லாமல் கையில் இருந்த அல்ட்டோவையும் வாகன் ஆரையும்தான் பெடியள் புதுசாக்கிக் காட்டினார்கள். முன் பம்பருக்குக் கீழே ஒரு உதடு, இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே நீளமாக ஒரு துண்டு, பின் பம்பரின் அடிக்கு ஒன்று, பின்கண்ணாடிக்கு மேலே ஒரு செட்டை. மொத்தத்தையும் சேர்த்துக் 'கிட்' என்பார்கள், சிலர் 'செற்' என்பார்கள். பூட்டுவதைக் 'கிட் அடிக்கிறது' என்றும் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் இதற்குக் கிட்ட வருகிற சொல் சோடனைதான். எனக்கும் முதலில் அதுதான் வாயில் வந்தது. ஆனால் சோடனை என்பது கலியாணக் காருக்குப் பூவும் ரிபனும் கட்டுகிறது, கோயில் தேருக்குச் சீலை கட்டுகிறது, காரியம் முடிந்தால் கழற்றிவிடுவது. கிட் அப்படியில்லை, துளை போட்டு ஸ்குரு இறுக்கிப் பசை வைத்துப் பெயின்றும் அடித்த பிறகு அது காரின் பாகம். அதோடு இந்தியாவில் ஜோடித்த வழக்கு என்றால் பொய் வழக்கு. கையேட்டை அங்கேயும் யாராவது எடுத்து வாசித்தால் 'ஜோடித்த கார்' என்பது களவுக் கார் மாதிரிக் கேட்கும்.

என் முன்மொழிவு: பூண்.

உலக்கைக்குப் பூண் கட்டுகிறோம் இல்லையா, அந்தப் பூண்தான். பூண் என்றால் நகை, அழகுக்கு அணிவது. பூண் என்றால் உலக்கை நுனி பிளக்காமல் இறுக்கிப் போடுகிற இரும்பு வளையமும். அழகும் வேலையும் இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது, கழலாமல் நிற்பது என்பதும் இருக்கிறது. கிட்டைப் பற்றி எங்கே கதைத்தாலும் 'இது சும்மா சோக்குக்கா, உண்மையில் ஏதாவது வேலை செய்யுமா' என்றுதான் சண்டை தொடங்கும், பூண் என்ற சொல் அந்தச் சண்டையில் ஒரு பக்கமும் சாயாது. அப்புறம் முன்பூண், பக்கப்பூண், பின்பூண் என்று ஒட்டிக்கொண்டே போகலாம், முழுத் தொகுதிக்குப் பூண்தொகுதி. செட்டையைச் செட்டையாகவே விடுங்கள், அதைவிட நல்ல சொல் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

வேலை செய்யுமா என்ற கேள்விக்கும் கையேட்டில் இரண்டு வரி வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், மணிக்கு 70 கிலோமீற்றரில் இருக்கிற தடை 140இல் நான்கு மடங்கு. ஊருக்கு வெளியே காருக்குச் சட்டப்படி 70தான். ஏ9இல் ஓமந்தை தாண்டி நேர் றோட்டில் 70இல் போகிற வாகன் ஆருக்குச் செட்டை பூட்டினால் பின்பக்கம் றோட்டில் அழுந்தும் என்பதெல்லாம் கதை. அந்த வேகத்தில் அது சோக்குத்தான். ஆனால் முன்பூணுக்கு இங்கே நிச்சயம் ஒரு விளைவு உண்டு, கார் நிலத்துக்குக் கிட்ட வரும். ஒட்டுசுட்டான் பக்கம் உள்றோட்டில் மதகு ஏறி இறங்கும்போது முதலில் தட்டுவது அதுதான். பைபர் கிளாஸில் செய்தது என்றால் தட்டின இடத்தில் நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். பிளாஸ்ரிக்கில் ஏ.பி.எஸ் ரகம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சூடு காட்டி நிமிர்த்தவும் முடியும். பொலியுரித்தேன் இன்னும் இளக்கம். பூண் வாங்கப் போகிறவருக்குச் சொல்ல வேண்டியது அதன் வடிவத்தைவிட இதைத்தான்.

இனிச் சில்லுக்கு வருவோம், பெரிய பிரச்சினை இங்கேதான் இருக்கிறது.

'பெரிய சில்லு போட்டாச்சு' என்று சொல்கிற இரண்டு பேர் இரண்டு வேறு வேலையைச் செய்திருப்பார்கள். வாகன் ஆரில் கனக்க வருவது 155/65 ஆர்14. முதல் இலக்கம் ரயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது. கடைசி றிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக மொத்த விட்டம் றிம்மின் 14 அங்குலம், அதாவது 355.6 உடன் பக்கச்சுவர் 100.75 இரண்டு தரம், 557.1 மி.மீ.

ஒருவர் 165/55 ஆர்15 போடுகிறார். கணக்குப் பார்த்தால் 562.5. ஒரு வீதம்கூடக் கூடவில்லை. றிம் பெருத்திருக்கிறது, ரப்பர் மெலிந்திருக்கிறது, நிலத்தில் உருள்கிற வட்டம் அநேகமாகப் பழையதே. கண்ணுக்குத்தான் பெரிசு.

இன்னொருவர் ரொயோட்டா அக்குவா காரிலிருந்து கழற்றிய 175/65 ஆர்15ஐ ரயரோடு அப்படியே கொண்டுவந்து பூட்டுகிறார். இரண்டு காருக்கும் நான்கு ஆணி, ஆணிகள் நிற்கிற வட்டம் 100 மி.மீ., ஆகவே மறுபேச்சில்லாமல் ஏறி உட்காரும். விட்டம் 608.5. ஒன்பது வீதத்துக்கு மேல் கூடிவிட்டது. பொதுவாக மூன்று வீதத்துக்குள் நில் என்பார்கள்.

நம்பாத ஆளுக்கு வெண்கட்டியால் காட்டலாம். ரயர் நிலத்தைத் தொடுகிற இடத்தில் ரயரிலும் சீமெந்திலும் ஒரு கோடு, காரை நேரே தள்ளி ரயரின் கோடு திரும்பக் கீழே வருகிற இடத்தில் இன்னொரு கோடு, இடையில் அளவு நாடா. பழையதுக்குக் கிட்டத்தட்ட 1.75 மீற்றர், அக்குவா சில்லுக்கு 1.91. (பாரத்தில் ரயர் கொஞ்சம் அமுங்குவதால் இரண்டும் சற்றுக் குறைந்துதான் வரும், வித்தியாசம் அப்படியே தெரியும்.) காரில் வேகம் காட்டுகிற மீற்றர் எண்ணுவது சில்லின் சுற்றைத்தான், தூரத்தை அல்ல. ஆகவே மீற்றர் 70 காட்டும்போது கார் 76இல் போகிறது, பொலிஸ்காரரிடம் மீற்றரைக் காட்டி அழுது பிரயோசனமில்லை. புதுக் காரில் மீற்றர் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி விட்டிருப்பார்கள் என்பது வேறு கதை. ஓடின தூரமும் குறைத்து எழுதும், நூறு கிலோமீற்றருக்குத் தொண்ணூற்றொன்றரை. விற்கிறவருக்கு நல்லது.

உரசுவது இன்னொன்று. ஸ்ரியறிங்கை முழுவதும் ஒரு பக்கம் ஒடித்துவிட்டு மட்காட்டுக்கு உள்ளே இருக்கிற கறுத்தப் பிளாஸ்ரிக்கைக் குனிந்து பாருங்கள், மற்ற இடமெல்லாம் செம்மண் படிந்து மங்கிக் கிடக்க ஒரு இடம் மட்டும் தேய்த்துக் கழுவின மாதிரிப் பளபளவென்று இருந்தால் ரயர் அங்கே முட்டுகிறது.

ஆனால் நியாயமாகச் சொல்வதானால் இரண்டாவது ஆள் விசரன் அல்ல. கூடின விட்டத்தில் பாதி என்று 25 மி.மீ. கார் உயர்ந்திருக்கிறது, மாரியில் குளக்கட்டுப் பாதையால் வீட்டுக்குப் போகிறவருக்கு அந்த ஒரு அங்குலம் பெரிய விசயம். முதலாவது ஆள்தான் பக்கச்சுவரில் 10 மி.மீ. இழந்திருக்கிறார், கிடங்கில் விழுந்தால் அடி நேரே அலோய் றிம்முக்குப் போகும்.

இந்த இரண்டையும் 'சக்கர விரிவாக்கம்' என்று ஒரே சாக்கில் போட்டால் மாணவனுக்கு எது மாறுகிறது எது மாறாமல் நிற்கிறது என்று ஒருநாளும் விளங்காது. ஆகவே இரண்டு சொல் வேண்டும். மாட்டுவண்டிச் சில்லின் பாகங்களுக்கு நல்ல பேர்கள் இருக்கின்றன: நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிவர வட்டை, அதற்கு மேல் இரும்புப் பட்டம். றிம்முக்கு வட்டை என்ற பேரையே எடுப்போம். முதலாவது வேலை வட்டையேற்றம், வட்டை மட்டும் ஏறுகிறது. இரண்டாவது சில்லுப் பெருக்கம். இரண்டையும் பிரிக்கிற அளவுக்கு உருள்விட்டம் என்று பேர். ஆணிகள் நிற்கிற வட்டம் ஆணிவட்டம், நான்கு ஆணி, ஆணிவட்டம் 100 என்று எழுதினால் கடைக்காரருக்கும் விளங்கும்.

> ஓப்செற் என்பதற்கு 'ஈடுசெய்தல்' என்று அகராதியில் இருக்கிறது, போடலாமா?

அது கணக்குப் புத்தகத்துக்கு உரியது, ஐயோ வேண்டாம். இங்கே அது ஒரு தூரம். றிம்மை அகலப் பாட்டுக்கு நடுவால் பிளந்தால் ஒரு கோடு வரும், குடத்தில் போய் ஒட்டுகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பதுதான் ஈ.ரி. என்று றிம்மில் வெட்டியிருக்கிற இலக்கம். 45 இருந்த இடத்தில் 35 போட்டால், அகலம் ஒன்றே என்றால், சில்லு 10 மி.மீ. வெளியே வரும். இலக்கம் குறையச் சில்லு வெளியே போகிறது, படிக்கிற பெடியள் எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். கராஜில் யாரும் தடுமாறுவதில்லை, 'சில்லு உள்ளுக்கு நிக்குது', 'வெளியால நிக்குது' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதையே எடுத்து உள்நிற்பு என்று வைப்போம். உள்நிற்பு 45 என்றால் 35ஐவிட உள்ளே. இலக்கம் சைபருக்குக் கீழே போனால் வெளிநிற்பு. வெளியே வரவரப் பெயரிங்குக்குப் பாரம் கூடும், கிரவல் றோட்டில் கதவெல்லாம் சேறு அடிக்கும்.

[மதுரையிலிருந்து]

ஐயா, 'பொடி கிட்' என்று தலைப்பைப் பார்த்ததும் யாரோ மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி சேர்த்து விற்கிறார்கள் என்று நினைத்துத் திறந்தேன். நாங்கள் 'பாடி' என்று எழுதுவோம். பூண் எனக்குப் பிடித்திருக்கிறது, பூணூல் என்று கிண்டல் வரும், வந்தால் வரட்டும். சில்லுதான் இடிக்கிறது. இங்கே கலைச்சொல் எழுதுபவர்கள் கணினிக்குள் இருக்கிற சிலிக்கான் துண்டுக்குச் சில்லு என்று வைத்துப் பல வருடமாகிறது. இப்போதைய காரில் இரண்டும் இருக்கிறது. சில்லுப் பெருக்கம் என்றால் எந்தச் சில்லு?

[வவுனியாவிலிருந்து]

சில்லை நாங்கள் விட முடியாது. இங்கே பிள்ளைகள் நடை பழகும்போதே முன்சில்லு பின்சில்லு என்றுதான் சொல்லப் பழகுகிறார்கள், உழவு இயந்திரத்தில் இருந்து கோயில் தேர் வரைக்கும் சில்லுத்தான். வெதுப்பகம் (பேக்கரி), உந்துருளி (மோட்டார் சைக்கிள்) என்று எழுதின பலகைகளைப் பார்த்து வளர்ந்த ஊர், புதுச்சொல்லுக்கு வன்னியில் ஆள் பயப்படாது, ஆனால் இருக்கிற சொல்லைப் பறித்தால் கோபம் வரும். மதுரை அண்ணாவின் வாசகர்களுக்கு அடைப்புக்குள் சக்கரம் என்று ஒருமுறை போட்டால் போதும்.

எனக்கு ஏற்றம்தான் சரியாகப் படவில்லை. வட்டையேற்றம் என்றால் லொறியில் றிம் ஏற்றுகிற மாதிரி இருக்கிறது. என்னிடம் படிக்கிறவர்கள் 'சைஸ் கூட்டுறது' என்றுதான் கதைப்பார்கள். வட்டைகூட்டல், சில்லுகூட்டல் என்று இரண்டையும் ஒரே அச்சில் வார்த்தால் என்ன? எது கூடுகிறது என்பது முன்பாதியிலேயே தெரிந்துவிடும். பெருக்கம் என்றால் கணக்கில் வேறு அர்த்தமும் இருக்கிறது, எண்ணிக்கை கூடினதா என்று கேட்பார்கள்.

[கிளிநொச்சியிலிருந்து]

அக்கா சொல்வது நன்றாக இருக்கிறது, அப்படியே எடுப்போம். கூட்டல் என்றால் குறைத்தலும் தன்பாட்டில் வந்துவிடும்: 15 போட்டவர் ரயர் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப 14க்கு வந்தால் வட்டைகுறைத்தல். சில்லு விடயத்தில் மதுரை அண்ணாவுக்கு என் பதில், கணினிக்காரர் மின்சில்லு என்று முழுதாக எழுதினால் எல்லோருக்கும் நிம்மதி, சில்லு முதலில் வண்டிக்கு உரியது.

தம்பி, ஆக உன் கையேட்டுக்குப் பூண், பூண்தொகுதி, செட்டை, வட்டை, உருள்விட்டம், ஆணிவட்டம், உள்நிற்பு, பிறகு அக்காவின் இரண்டு கூட்டல். உள்நிற்புக்கு மட்டும் கட்டாயம் ஒரு படம் கீறு, றிம்மைக் குறுக்கே வெட்டின மாதிரி, நடுக்கோடும் ஒட்டுகிற முகமும் தெரியவேண்டும். ரயர் கணக்கில் ஒரு பயிற்சி வை: 145/80 ஆர்12 இருந்த அல்ட்டோவுக்கு 165/55 ஆர்14 போட்டால் வட்டைகூட்டலா சில்லுகூட்டலா? (536.8, 537.1. இரண்டு அங்குலம் றிம் ஏறியும் உருள்விட்டம் அசையவில்லை, பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும்.)

சில்லு நிற்கிற கோணங்களைச் சரிபார்க்கிற அலைன்மன்ற் அத்தியாயத்தை இப்போதுதான் திறந்து பார்த்தேன். கேம்பருக்கும் (முன்னால் நின்று பார்க்கச் சில்லு உள்ளே வெளியே சரிவது) 'சாய்வு' என்று போட்டிருக்கிறாய், காஸ்ரருக்கும் (பக்கத்தில் நின்று பார்க்க ஸ்ரியறிங் திரும்புகிற அச்சு முன்னே பின்னே சரிவது) அதே 'சாய்வு'. திங்கட்கிழமைக்கு முதல் அதில் ஒன்றையாவது மாற்று.