ரப்பர் கடை மென்பொருள்: பார்வையற்றவர் பயன்படுத்த என்ன மாற்றணும்?

குலசேகரத்துக்காரன்:
இங்கே ரப்பர் ஷீட் வாங்கும் கடை ஒன்றுக்குப் பத்து வருஷம் முன்னால் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். சி ஷார்ப் என்ற நிரல் மொழி, திரைப் படிவங்களுக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸ். இப்போது கணக்கைப் பார்ப்பது முதலாளியின் மகள். அவருக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை வைத்துக்கொண்டு எக்ஸலை என்னைவிட வேகமாக ஓட்டுகிறார். ஆனால் என் மென்பொருளில் அவருக்குக் கேட்பது "பட்டன், பட்டன், எடிட்" மட்டும்தான். டேப் கீயை எத்தனை தடவை தட்டினோம் என்று எண்ணித்தான் எடைக் கட்டத்துக்குப் போகிறார். போன வாரம் ஒரு தட்டு கூடிப்போய், கிலோ இடத்தில் விலை விழுந்துவிட்டது. தப்பு என்னுடையது, திட்டு வாங்கியது அவர். மனசே கேட்கவில்லை. முழுசாகத் திரும்ப எழுதணுமா?

தக்கலை வாசகர்:
வேண்டாம் தம்பி. நானும் பார்வையற்றவன், கணினியில்தான் என் வேலை. பட்டனில் படம் மட்டும் ஒட்டியிருப்பீர்கள், எழுத்து இருக்காது. படத்தை என்விடிஏ எப்படி வாசிக்கும்? ஒவ்வொரு பட்டனுக்கும் 'ஆக்ஸசிபிள்நேம்' என்ற பண்பில் பெயர் கொடுங்கள். எடை, விலை என்ற லேபிள்களின் டேப் எண் (டேப் கீ போகும் வரிசை எண்), அந்தந்தக் கட்டத்தின் எண்ணுக்கு நேர் முன்னால் இருக்கட்டும்; கட்டத்துக்குப் போனதும் பெயர் தானாகவே கேட்கும்.

இன்னொன்று. பாக்கி வைத்தவர்களைச் சிவப்பில் காட்டுகிறீர்களா? நிறம் எங்கள் காதுக்கு வராது. "பாக்கி" என்று ஒரு வார்த்தையாகவே போட்டுவிடுங்கள்.

நாகர்கோவில் நிரலர்:
நீங்களும் என்விடிஏ இறக்கிப் போடுங்கள், இலவசம்தான். 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் தொடங்கியது. அதன் டூல்ஸ் மெனுவில் 'ஸ்பீச் வியூவர்' இருக்கிறது, பேசுவதையெல்லாம் எழுத்தாகக் காட்டும். அப்புறம் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பில் போட்டுப் பாருங்கள்.

குலசேகரத்துக்காரன்:
இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். பட்டன், கட்டம் எல்லாம் பெயர் சொல்கிறது. ஆனால் ஷீட் கொண்டுவருபவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் ஏதோ உளறுகிறது. திரையில் நல்ல தமிழாகத்தான் தெரிகிறது அண்ணே. தமிழ்க் குரலும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

தக்கலை வாசகர்:
எழுத்துரு பாமினியா? அப்படியானால் குரலைக் குறை சொல்லிப் பயனில்லை. பாமினியில் 'அம்மா' என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். என்விடிஏ உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோடைத் தமிழக அரசே 2010-ல் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பாமினியில் அடித்த கோப்புகள் எனக்கு இன்றும் வருகின்றன. ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்த மொழியில் இருப்பதை வாசிக்க இன்னொருவரைத் தேடுவது எவ்வளவு வலி என்று சொல்லி மாளாது.

தரவுத்தளத்தை ஒரு நகல் எடுத்துவிட்டு, பெயர்களை யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். முடிந்ததும் அந்தப் பிள்ளையையே பட்டியலை ஒரு தடவை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொம்பு, கால் இடம் மாறிக் கிடந்தால் அவர் காதில் உடனே மாட்டும்.

குலசேகரத்துக்காரன்:
பாமினியேதான் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்றைக்கே அவரோடு உட்கார்ந்து மாற்றிவிடுகிறேன்.